கதவைத் தட்டுற கை: ஹோட்டல் வேலை, ஹோட்டல் வாசம் பத்தி வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்வி எல்லாமே ஹோட்டல் பத்தி. நான் அல்சூர்ல பொறந்து வளர்ந்தவ, பெங்களூர் ஹோட்டல்கள்ல 26 வருஷம் ஹவுஸ்கீப்பிங்ல இருந்தேன், ரூம் அட்டெண்டன்ட்டா சேர்ந்து எக்ஸிக்யூட்டிவ் ஹவுஸ்கீப்பரா ரிட்டையர் ஆனேன், அதனால இந்த பக்கத்தை ஒரு இதழுக்கு நீங்க எழுதுங்கன்னு எடிட்டர் கேட்டாங்க. கடிதம் எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன், பாதி பேர் ஹோட்டல்ல வேலை செய்றவங்க, மீதி பேர் ஹோட்டல்ல மாசக்கணக்கா தங்குறவங்க. ரெண்டு பக்கமும் வீட்டை விட்டு வந்த ஆளுங்க தான்னு படிக்கும்போது தோணிச்சு.

கேள்வி: அக்கா, எனக்கு சொந்த ஊர் தர்மபுரி பக்கம், இப்போ மாரத்தஹள்ளில பிஜில இருக்கேன். ஹோட்டல் மேனேஜ்மென்ட் டிப்ளமோ முடிச்சேன், கிச்சன் கேட்டேன், ஆனா ஒரு ஃபைவ் ஸ்டார்ல ஹவுஸ்கீப்பிங் தான் குடுத்திருக்காங்க. ஊர்ல எல்லாரும் கக்கூஸ் கழுவுற வேலையான்னு கேக்குறாங்க. சேரவா, வேணாமா?
(வாசகர், மாரத்தஹள்ளி)

பதில்: சேருங்க தம்பி.

கக்கூஸ் கழுவுறதும் அதுல உண்டு, உங்ககிட்ட அதை மறைச்சு பேச மாட்டேன். நானும் வருஷக்கணக்கா கழுவினேன், அதுல ஒரு கொறையும் இல்ல, அந்த வேலையை கேவலமா பேசுறவங்க நாளைக்கு ஹோட்டல்ல ரூம் போட்டா மொதல்ல எட்டிப் பாக்குறது அந்த பாத்ரூமைத் தான். ஆனா அது மட்டும் தான் வேலைன்னு நெனச்சா தப்பு. ஒரு நாள் எப்படி இருக்கும்னு சொல்றேன், கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

காலைல 7 மணி ஷிஃப்ட்னா ஆறரைக்கே யூனிஃபார்ம் ரூம்ல நிக்கணும். பிரீஃபிங், க்ரூமிங் செக், நகம் வெட்டியிருக்கா ஷூ தொடச்சிருக்கான்னு பாப்பாங்க, அப்புறம் கைல ஒரு ஷீட் வரும், எது செக்அவுட் ரூம், எதுல ஆள் இருக்கு, எதுல விஐபி வராங்கன்னு. நான் இருந்த எடங்கள்ல ஒரு ஆளுக்கு 14, 15 ரூம். கணக்கு போட்டு பாருங்க, சாப்பாட்டு நேரம் போக 8 மணி நேரம்னா 480 நிமிஷம், 15 ரூம்னா ஒரு ரூமுக்கு 32 நிமிஷம், அதுக்குள்ள ட்ராலி தள்ளுறது, லிஃப்டுக்கு நிக்கிறது, கெஸ்ட் இன்னும் அஞ்சு நிமிஷம்னு சொல்லி அரை மணி நேரம் இழுக்குறது எல்லாம் சேர்த்தி. ஆள் தங்கியிருக்குற ரூம் 25 நிமிஷத்துல முடியும், செக்அவுட் ரூம் முக்கால் மணி நேரம் புடிக்கும், குழந்தைங்க இருந்துட்டு போன ரூம்னா அதுக்கும் மேல.

கதவை மூணு தடவை தட்டி ஹவுஸ்கீப்பிங்னு சொல்லி, நிறுத்தி, மறுபடி தட்டி, அப்புறம் தான் சாவி. உள்ள போனதும் திரையை தெறந்து வெளிச்சம் விட்டு, குப்பை எடுத்து, பழைய ஷீட்டை உருவணும். உருவும்போது உதறாதீங்க, சுருட்டி எடுங்க, அதுக்குள்ள போன் இருக்கும், கம்மல் இருக்கும், சில நாள் இன்சுலின் ஊசி இருக்கும், என் கூட வேலை பார்த்த பொண்ணுக்கு அப்படித் தான் கைல குத்தி ஆறு மாசம் ரத்த டெஸ்ட் எடுத்துட்டு பயந்துட்டே இருந்தா. ஷீட்டோட மூலையை மடிச்சு மெத்தைக்கு கீழ சொருகுற அந்த ஒரு மடிப்பு வர எனக்கு மூணு வாரம் ஆச்சு. தூசி தட்டுறது கதவுல ஆரம்பிச்சு ஒரே பக்கமா சுத்தி மறுபடி கதவுக்கு வரணும், வாக்யூம் உள்ள இருந்து பின்னால நடந்துட்டே வெளில வரணும், கார்பெட்ல உங்க கால் தடம் தெரியக் கூடாது.

க்ளீன் பண்ற மருந்து பாட்டில் எல்லாம் நம்பர்ல பேசுவாங்க, டாஸ்கிங்குற பிராண்ட் பாட்டில்ங்க, ஆர் 1 பாத்ரூமுக்கு, ஆர் 2 பொதுவான க்ளீனிங், ஆர் 3 கண்ணாடி, ஆர் 4 மரச்சாமான், ஆர் 5 வாசனை, ஆர் 6 டாய்லெட் பவுல். மொத நாளே மனப்பாடம் பண்ணிடுங்க. இதுல ஒண்ணு மட்டும் மறக்கவே மறக்காதீங்க, ஆர் 6 ஆசிட், அதுவும் ப்ளீச்சும் ஒரே பவுல்ல சேரக் கூடாது, சேர்ந்தா குளோரின் வாயு கெளம்பும், சின்ன பாத்ரூம்ல கதவை சாத்திட்டு அதை இழுத்தா நுரையீரல் போயிடும். சீக்கிரம் வெள்ளையாகும்னு ஒரு சீனியர் சொல்லிக் குடுப்பார், கேக்காதீங்க.

முதுகு முக்கியம். மெத்தையை தூக்கும்போது இடுப்ப வளைக்காம முட்டிய மடிச்சு தூக்குங்க. இதை எனக்கு யாரும் சொல்லல, 38 வயசுல டிஸ்க் பிரச்சனைன்னு டாக்டர் சொன்னப்போ தான் தெரிஞ்சுது. ஷூ வாங்குறதுல காசு பாக்காதீங்க.

கிச்சன் ஆசை இருந்தா விட்டுடாதீங்க. ஒரு வருஷம் ஒழுங்கா லீவ் போடாம வேலை பார்த்துட்டு, ட்ரெயினிங் மேனேஜர்கிட்ட கிராஸ் ட்ரெயினிங் கேளுங்க, ஆஃப் டியூட்டில கிச்சன்ல நிக்க விடுவாங்க, செஃப் கண்ணுல பட்டா மாத்தி விடவும் வாய்ப்பிருக்கு. உங்களுக்கு பின்னாடி ப்ளஸ் டூ படிக்கிற தம்பி தங்கச்சி இருந்தா ஒண்ணு சொல்லி வைங்க, என்டிஏ நடத்துற என்சிஹெச்எம் ஜேஇஇங்குற ஹோட்டல் மேனேஜ்மென்ட் நுழைவுத் தேர்வு எழுதினா நம்ம சென்னை தரமணி ஐஹெச்எம், இங்க சேஷாத்ரி ரோடு ஐஹெச்எம் மாதிரி கவர்மென்ட் காலேஜ்ல 3 வருஷ டிகிரி கெடைக்கும். லட்சக்கணக்குல வாங்குற தனியார் காலேஜுக்கு போறதுக்கு முன்னாடி இதை முயற்சி பண்ணி பாக்கணும்.

ஊர்ல கேக்குறவங்களுக்கு நீங்க பதில் சொல்லவே வேணாம். மொத சம்பளத்துல அம்மாவுக்கு ஒரு நல்ல பெட்ஷீட் வாங்கிட்டு போய் நீங்களே விரிச்சு காட்டுங்க.

கேள்வி: ரூம்ல வைக்கிற சோப்பு, ஷாம்பு எல்லாம் எடுத்துட்டு போகலாமா? டவல்?
(வாசகி, ஜெயநகர்)

பதில்: சோப்பு, ஷாம்பு, சீப்பு, பல் தேய்க்கிற கிட் எல்லாம் உங்களுக்குன்னு வச்சது தான், தாராளமா எடுங்க. டவல், பாத்ரோப், ஹேங்கர் எடுக்காதீங்கம்மா. அது கொறைஞ்சா அந்த ரூம் பண்ண பையனைக் கூப்டு எழுதி வாங்குற எடங்கள் இருக்கு.

கேள்வி: கோயம்புத்தூர்ல இருந்து ப்ராஜெக்டுக்காக வந்து அஞ்சு மாசமா வைட்ஃபீல்டுல ஒரே ஹோட்டல் ரூம்ல இருக்கேன். கம்பெனி காசு, வசதிக்கு கொறைவில்ல. ஆனா ராத்திரி வந்து அந்த கார்டை சொருகி லைட் எரியும்போது நெஞ்சு அடைக்குது. ஆள் வந்து போறது தொந்தரவா இருக்குன்னு டிஎன்டி (தொந்தரவு செய்யாதீங்க) போர்டை தொங்க விட்டுடறேன், ரெண்டு நாள் ஆனா போன் பண்ணிடறாங்க. காசு குடுக்குற கஸ்டமரை ஏன் நிம்மதியா விட மாட்டேங்குறாங்க? அப்புறம் பில்லுல டாக்ஸ் பத்தியும் சொல்லுங்க.
(வாசகர், வைட்ஃபீல்டு)

பதில்: டாக்ஸ் சீக்கிரம் சொல்லிடறேன். 2025 செப்டம்பர் 22ல இருந்து, ஒரு நாள் வாடகை 7,500 ரூபா வரைக்கும் இருந்தா ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினா 18. முன்னாடி 7,500 வரைக்கும் 12 இருந்துச்சு. அதனால உங்க ரூம் அந்த கோட்டுக்கு கொஞ்சம் மேல இருந்தா உங்க அட்மின் ஆளை விட்டு மாச வாடகை பேச சொல்லுங்க, லாங் ஸ்டேன்னா சேல்ஸ் டீம் எறங்கி வருவாங்க. துணி துவைக்க பீஸுக்கு இவ்வளவுன்னு குடுத்துட்டு இருந்தீங்கன்னா அதையும் அந்த பேச்சுலயே சேத்துக்குங்க, நீங்களா கேட்டா தான் குடுப்பாங்க.

இப்போ டிஎன்டி விஷயம். சார், அந்த போனை கோபமா எடுக்காதீங்க. நிக்கோலா டெஸ்லா பேரு கேட்டிருப்பீங்க, ஏசி கரண்ட்டுக்கு அவ்வளவு பண்ணவர், கடைசி காலத்துல சுமார் பத்து வருஷம் நியூயார்க்ல ஹோட்டல் நியூயார்க்கர்ல 3327ங்குற ரூம்ல தனியா வாழ்ந்தார். 1943 ஜனவரில கதவுல தொந்தரவு செய்யாதீங்கன்னு போர்டை தொங்க விட்டார், ரெண்டு நாள் கழிச்சு ரூம் க்ளீன் பண்ற அம்மா அந்த போர்டை மீறி உள்ள போனப்போ தான் அவர் எறந்து கெடந்தது தெரிஞ்சுது. உலகத்துக்கே வெளிச்சம் குடுத்த மனுஷன், கடைசில அவரை தேடி கதவைத் தெறந்தது எங்க ஆளு.

நானே பார்த்தது ஒண்ணு சொல்றேன். எங்க ஃப்ளோர்ல ஒரு பெரியவர், எழுபது இருக்கும், கேஸ் விஷயமா வந்து மூணு வாரமா தங்கியிருந்தார். தினமும் காலைல ஒன்பது மணிக்கு காபி கப்பை கழுவி வெளில வச்சிடுவார், அது எங்களுக்கு வேலை இல்ல, ஆனா அவர் பழக்கம். ஒரு நாள் கப் வெளில இல்ல, போர்டு தொங்குது. மத்தியானம் வரைக்கும் போர்டு அப்படியே. ரூமுக்கு போன் அடிச்சா எடுக்கல. டியூட்டி மேனேஜரையும் செக்யூரிட்டியையும் கூட்டிட்டு கதவை தெறந்தோம், கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல விழுந்து கெடந்தார், சுகர் எறங்கிப் போச்சு, பேச முடியல, ஆனா கண்ணு முழிச்சிருந்தது. ஆஸ்பத்திரில கொண்டு போய் சேத்து பொழைச்சுட்டார். அந்த கப் இல்லாதது ஏன் என் கண்ணுல பட்டுச்சுன்னா, ஒரு ரூமை தினமும் க்ளீன் பண்றவங்களுக்கு அந்த ஆளோட நடை, பழக்கம், மாத்திரை எந்த பக்கம் வைப்பார், எந்த நாள் தூங்கல எல்லாம் தெரிஞ்சிடும், நாங்க அதை யார்கிட்டயும் சொல்ல மாட்டோம், சொன்னா வேலை போயிடும், ஆனா தெரியும். நீங்க சாப்பிடாம தூங்குன ராத்திரி கூட உங்க ஃப்ளோர் பையனுக்கு தெரிஞ்சிருக்கும் சார்.

அதனால ஒரு டைம் பேசி வச்சுக்குங்க. தினமும் ஆள் வேணாம்னா செவ்வாய், வெள்ளி மட்டும் பத்து மணிக்கு வாங்கன்னு சொல்லுங்க, ஷீட் மூணு நாளைக்கு ஒரு தடவை மாத்தினா போதும்னு சொல்லுங்க, அவங்களுக்கும் வேலை கொறையும், தண்ணியும் மிச்சம். பேரைக் கேட்டு வச்சுக்குங்க, வைட்ஃபீல்டு பக்கம் ஒடிசா, அசாம், மணிப்பூர் பசங்க நெறைய, அவங்களும் உங்கள மாதிரியே வீட்டுக்கு வாரத்துக்கு ஒரு வீடியோ கால்னு இருக்குறவங்க.

நெஞ்சு அடைக்கிறது பத்தி. ரூமை ஹோட்டல் ரூமாவே விட்டு வைக்காதீங்க. சாமி படமோ, வீட்டு தலகாணி உறையோ, ஒரு சின்ன செடியோ, ஏதாவது ஒண்ணு உங்களுது அங்க இருக்கணும். சூட்கேஸ்ல இருந்தே துணி எடுத்து போடுறவங்களை பார்த்திருக்கேன், அவங்க தான் சீக்கிரம் ஒடஞ்சு போறாங்க, துணியை அலமாரில அடுக்குங்க. கெட்டில்ல தண்ணி மட்டும் கொதிக்க வைங்க, நூடுல்ஸ் வேணாம், அடிப்பிடிச்சு புகை வந்தா மேல இருக்குற ஸ்மோக் டிடெக்டர் மொத்த ஃப்ளோரையும் எழுப்பிடும். ஞாயித்துக்கிழமை பர்ப்பிள் லைன் மெட்ரோ ஏறி அல்சூர் வந்துடுங்க, ஏரிக்கரைல நம்ம திருவள்ளுவர் சிலை இருக்கு, சோமேஸ்வரர் கோயில் இருக்கு, சுத்துற தெருவெல்லாம் தமிழ் காதுல விழும். அடுத்த ப்ராஜெக்ட்னா சமையல் மேடை இருக்குற சர்வீஸ் அபார்ட்மென்ட் கேளுங்க, தனக்குன்னு ஒரு ரசம் வச்சு சாப்பிட முடிஞ்சாலே பாதி சரியாகும். அப்படியும் தூக்கம் வராம வாரக்கணக்கா போச்சுன்னா டாக்டர்கிட்ட பேசுங்க, 14416ன்னு டெலி மானஸ் நம்பர் இருக்கு, ஃப்ரீ தான், தமிழ்லயும் பேசலாம்.

கேள்வி: எம்ஜி ரோடு பக்கம் ஒரு ஹோட்டல்ல குடும்பத்தோட சாப்பிட்டோம், பில்லுல சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் போட்டிருந்தாங்க. எடுக்க சொன்னா ஸ்டாஃப்புக்கு போற காசு சார்ங்குறாங்க. குடுக்கணுமா?
(வாசகர், ஃப்ரேசர் டவுன்)

பதில்: கட்டாயம் இல்ல. 2022 ஜூலை 4 அன்னைக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் போட்ட வழிகாட்டுதல் தெளிவா சொல்லுது, பில்லுல தானா சேக்கக் கூடாது, வேற பேர்லயும் வாங்கக் கூடாதுன்னு. ஹோட்டல்காரங்க கோர்ட்டுக்கு போனாங்க, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட் அந்த வழிகாட்டுதல் சரின்னு சொல்லிடுச்சு. எடுக்க மாட்டேன்னா 1915க்கு போன் பண்ணி கம்ப்ளைன்ட் குடுங்க.

ஆனா ஸ்டாஃப்புக்கு போகுதான்னு கேட்டீங்க பாருங்க, அதுல எனக்கு சொல்ல இருக்கு. சில எடத்துல நெஜமாவே பாயின்ட் கணக்கு போட்டு பாத்திரம் கழுவுறவர் வரைக்கும் பிரிச்சு குடுப்பாங்க, அந்த மாசக் காசை நம்பி ஸ்கூல் ஃபீஸ் கட்டுனவங்களை எனக்கு தெரியும். சில எடத்துல ஒரு பைசா கீழ வராது. நான் இருந்த ஒரு எடத்துல உடைஞ்ச தட்டு, தம்ளருக்கு பிடிச்சது போக மீதின்னு சொல்லி கைல 140 ரூபா குடுத்தாங்க. வாடிக்கையாளர் தலைல கட்டாம சம்பளத்தை ஒழுங்கா குடுக்கணும், என் கட்சி அது தான். நீங்க சந்தோஷப்பட்டு குடுக்கணும்னா கைல குடுங்க. தங்குற ஹோட்டல்ல ரூம் பண்ணவங்களுக்குன்னா ஒரு சீட்டுல நன்றின்னு எழுதி அதுக்கு மேல காசை வைங்க, வெறுமனே மேஜைல வச்சா கெஸ்ட் மறந்துட்டாங்கன்னு நாங்க லாஸ்ட் அண்ட் ஃபவுண்டுல குடுத்துடணும், எடுத்தா திருட்டு. அந்த சீட்டு தான் எங்களுக்கு சாட்சி.

கேள்வி: ஹோட்டல்னா சாப்பாட்டுக் கடைங்கறோம், தங்குற எடத்தையும் ஹோட்டல்ங்கறோம், என் பேரன் சிரிக்கிறான். எது சரி?
(வாசகர், ஸ்ரீராம்புரம்)

பதில்: ரெண்டும் சரி தான் அய்யா. நம்ம ஊர்ல போர்டிங் அண்ட் லாட்ஜிங்னு கீழ சாப்பாடு மேல ரூம்னு தான் ஆரம்பிச்சது, மெஜஸ்டிக், காட்டன்பேட் பக்கம் போனா இன்னைக்கும் அந்த போர்டு பாக்கலாம். ரூம் பேரு லாட்ஜ் ஆச்சு, சாப்பாடு பேரு ஹோட்டல்னே நின்னுடுச்சு. இங்க நின்னுட்டே சாப்பிடுற தர்ஷினி வேற 1980கள்ல வந்து சேந்துச்சு. நானும் வீட்ல ஹோட்டலுக்கு போறேன்னா வேலைக்கா டிபனுக்கான்னு கேப்பாங்க.

கேள்வி: மேடம், நான் சிவாஜிநகர் பக்கம் ஒரு சாப்பாட்டு ஹோட்டல்ல 9 வருஷமா சப்ளையர். மொத்தம் 25 பேர் இருக்கோம். மாடில தான் தங்கல், 11 பேர் ஒரே ரூம், சாப்பாடு ஃப்ரீ. சம்பளம் 18,000 கைல குடுத்துடறார். பிஎஃப் கேட்டா, புடிச்சா உனக்கு தான் கொறையும், தங்க எடம் சோறு எல்லாம் குடுக்குறேன்லன்னு முதலாளி சொல்றார். நல்ல மனுஷர் தான், பொண்ணு கல்யாணத்துக்கு கூட கடன் குடுத்தார். கேக்க சங்கடமா இருக்கு.
(வாசகர், சிவாஜிநகர்)

பதில்: உங்க கடிதம் தான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வச்சுது அண்ணே. எங்கப்பாவும் சப்ளையர். 22 வருஷம் ஒரே கடை. முதலாளி நல்லவர், தீபாவளிக்கு வேட்டி சட்டை, நோம்புக்கு ஸ்வீட், எல்லாம் உண்டு. அப்பாவுக்கு கால் நரம்பு சுருட்டிட்டு நிக்க முடியாம போனப்போ அந்த மனுஷர் எறந்துட்டார், புள்ளைங்க கடையை வித்துட்டாங்க, அப்பா கைல ஒரு பேப்பர் இல்ல. 22 வருஷம் வேலை பார்த்தார்னு சொல்ல எங்ககிட்ட ஒரு துண்டு காகிதம் கூட இல்ல. அதனால முதலாளி நல்லவரா இருக்குறப்பவே கேக்கணும்னு சொல்றேன்.

20 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற எடத்துல பிஎஃப் சட்டப்படி கட்டாயம், உங்க கடைல 25 பேர். அடிப்படை சம்பளத்துல உங்க பங்கு 12 சதவீதம், முதலாளியும் அதே 12 போடணும். கொறையும் கொறையும்னு சொல்றது உங்க பங்கை மட்டும் தான், அவர் போட வேண்டிய பங்கை பத்தி பேச்சே எடுக்கல பாருங்க. அதுல ஒரு பகுதி பென்ஷன் கணக்குக்கு போகும், 10 வருஷம் சர்வீஸ் ஆனா 58 வயசுல இருந்து மாசா மாசம் வரும். ஒம்பது வருஷமா கட்டியிருந்தா அடுத்த வருஷமே உங்களுக்கு அந்த தகுதி வந்திருக்கும், அதை நெனச்சா தான் வயிறு எரியுது.

சம்பளம் 21,000க்குள்ள இருக்குறதால ஈஎஸ்ஐங்குற தொழிலாளர் மருத்துவக் காப்பீடும் வரும், உங்க பங்கு முக்கா சதவீதம் தான், அதாவது 18,000க்கு 135 ரூபா, முதலாளி மூணேகால் சதவீதம். அந்த 135 ரூபாக்கு ராஜாஜிநகர், இந்திராநகர் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரில உங்களுக்கும் வீட்டம்மாவுக்கும் புள்ளைங்களுக்கும் வைத்தியம், ஆபரேஷன் வரைக்கும். முடியாம படுத்தா வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம் வரும். அந்த ஈஎஸ்ஐ கார்டு என் பாக்கெட்ல இருந்ததால தான் டிஸ்க் ஆபரேஷன் அப்போ நகை அடமானம் வைக்காம தப்பிச்சேன்.

அடுத்தது கிராஜுவிட்டி. வேலையை விட்டு வரும்போது வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாசத்தை 26 நாளா கணக்கு பண்ணுவாங்க. உங்க 18,000 முழுசும் அடிப்படை சம்பளம்னு வச்சா 9 வருஷத்துக்கு 93,461 ரூபா. நெஜமாவே அது அவர் குடுக்குற கொடை இல்ல அண்ணே, நீங்க சம்பாதிச்ச காசு அது. தங்க எடமும் சோறும் குடுக்குறதால இது எதுவும் இல்லாம போகாது.

எப்படி கேக்குறது? சண்டையா போடாதீங்க, தனியாவும் போகாதீங்க. நாலஞ்சு பேரா, மத்தியான ரஷ் முடிஞ்சு மூணரை மணிக்கு கல்லாவுல அவர் டீ குடிக்கிற நேரமா பார்த்து, கார்டு போட்டு குடுங்கய்யா எங்களுக்கு வயசாகுதுன்னு கேளுங்க. கூடவே இன்னைல இருந்தே ஒரு நோட்டு போட்டு தினமும் வந்த நேரம், போன நேரம், வாங்கின சம்பளம் எழுதி வைங்க, முடிஞ்சா சம்பளத்தை பேங்க்ல போட சொல்லுங்க, அது தான் நாளைக்கு சாட்சி. முடியவே முடியாதுன்னா பன்னேர்கட்டா ரோடுல கார்மிக பவன் இருக்கு, தொழிலாளர் துறை ஆபீஸ், அங்க போய் கேக்கலாம், பிஎஃப் ஆபீஸ்லயும் புகார் குடுக்கலாம். கல்யாணக் கடன் வாங்குனீங்கன்னா அந்த கணக்கையும் தனியா எழுதி வச்சு மாசா மாசம் கழிச்சுட்டு வாங்க, நன்றியும் கடனும் ஒரே மூட்டைல கட்டினா வாய் தெறக்க முடியாம போயிடும்.

11 பேர் ஒரு ரூம்னு எழுதியிருக்கீங்க. ஜன்னல் இருக்கான்னு எழுதல. இருக்குன்னு நெனச்சுக்குறேன்.

கேள்வி: என் பொண்ணுக்கு ஃப்ரண்ட் ஆபீஸ்ல வேலை கெடச்சிருக்கு, மாசத்துல ஒரு வாரம் நைட் ஷிஃப்ட். அவங்கப்பா வேணவே வேணாம்ங்குறார். நீங்க பொம்பளையா இத்தனை வருஷம் இருந்தவங்க, உண்மையை சொல்லுங்க.
(வாசகி, முருகேஷ்பாளையா)

பதில்: அனுப்புங்கம்மா, ஆனா கேட்டுட்டு அனுப்புங்க. ராத்திரி ஒன்றரை ரெண்டு மணிக்கு நைட் ஆடிட்னு அன்னைக்கு கணக்கு எல்லாம் மூடி தேதியை மாத்துவாங்க, ஃப்ரண்ட் ஆபீஸ் தொழில் மொத்தமும் அந்த ஒரு மணி நேரத்துல புரியும், அதை கத்துக்காம யாரும் மேல போக முடியாது.

கேக்க வேண்டியது என்னன்னா, வீட்டு வாசல் வரைக்கும் கார் வருமா இல்ல மெயின் ரோடுல எறக்கி விட்டுடுவாங்களா, கார்ல கூட யாரு, ராத்திரி டெஸ்க்ல தனியாளா இல்ல ரெண்டு பேரா. அப்புறம் 2013 சட்டப்படி 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற எந்த எடத்துலயும் பாலியல் தொந்தரவு புகாருக்கு உள் குழு இருக்கணும், தலைவியா ஒரு சீனியர் பொம்பளை இருக்கணும், நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும். கூட வேலை செய்றவங்க மட்டும் இல்ல, வர்ற கெஸ்ட் தப்பா நடந்தாலும் பாதுகாப்பு குடுக்க வேண்டியது ஹோட்டலோட பொறுப்பு. இதை பொண்ணுக்கு சொல்லி அனுப்புங்க, ஏன்னா எனக்கு யாரும் சொல்லல. 24 வயசுல ஒரு கெஸ்ட் ரூம்ல நான் க்ளீன் பண்ணும்போதே கதவை சாத்தப் பார்த்தான், ட்ராலி கதவுக்கு குறுக்க நின்னதால சாத்த முடியல, நான் வெளில ஓடி வந்து சூப்பர்வைசர்கிட்ட சொன்னா, ரெகுலர் கெஸ்ட்மா விட்டுடுன்னார். விட்டுட்டேன். இன்னைக்கு வரைக்கும் அந்த விட்டது தான் வலிக்குது. நான் சூப்பர்வைசர் ஆனப்புறம் என் ஃப்ளோர் பொண்ணுங்க யாரையும் ஆள் இருக்குற ரூமுக்கு தனியா அனுப்பினதில்ல, ட்ராலியை வாசல்ல இருந்து நகத்த விட்டதும் இல்ல.

அப்பாவை ஒரு நாள் ஹோட்டல் லாபில உக்கார வச்சு காட்டுங்க, கொஞ்சம் எறங்கி வருவார்.

கேள்வி: வீட்டுக்காரர் ஒரு பெரிய ஹோட்டல்ல கிச்சன்ல இருக்கார். பிரேக் ஷிஃப்ட், காலைல போய் மத்தியானம் வந்து படுத்துட்டு மறுபடி போய் ராத்திரி ஒரு மணிக்கு வர்றார். கல்யாணம் ஆகி ஆறு வருஷம், ஒரு தீபாவளிக்கும் வீட்ல இல்ல. பையனுக்கு அஞ்சு வயசு, அப்பா ஏன் பட்டாசு வெடிக்க வர மாட்டேங்குறார்னு கேக்குறான். வேலையை விட சொல்லவா?
(வாசகி, விவேக்நகர்)

பதில்: விட சொல்றதுக்கு முன்னாடி, ஊர்ல எல்லாரும் லீவ்ல இருக்குற நாள்ல தான் ஹோட்டல் நெறையும்னு பையனுக்கு சொல்லுங்க கண்ணு. தீபாவளி, கிறிஸ்துமஸ், டிசம்பர் 31, இதுல எங்களுக்கு லீவ் கேக்கவே வாய் வராது. என் மகளோட மொத ஸ்கூல் ஆண்டு விழா அன்னைக்கு எங்க ஹோட்டல்ல கல்யாணம், 180 ரூம் ஃபுல்லு, நான் போகல. அவ டான்ஸ் ஆடினதை பக்கத்து வீட்டு அக்கா தான் எனக்கு ஆடி காட்டினாங்க. இப்போ அவளுக்கே கொழந்தை இருக்கு, இன்னும் அதை ஞாபகம் வச்சிருக்கா, கோபமா சொல்ல மாட்டா, ஆனா சொல்லுவா.

அதுல இருந்து நான் கத்துக்கிட்டது ரெண்டு விஷயம். கிச்சன்ல ட்யூட்டி ரோஸ்டர் ஒரு வாரம் முன்னாடியே போடுவாங்க, ஆனா அதை எழுதுற சூ செஃப்புக்கு, அதாவது பெரிய செஃப்புக்கு அடுத்த ஆளுக்கு, உங்க பையனோட பொறந்த நாள் எப்படி தெரியும்? வருஷம் ஆரம்பிக்கும்போதே ரெண்டே ரெண்டு தேதியை எழுதி குடுக்க சொல்லுங்க, பையன் பொறந்த நாள், இன்னொண்ணு உங்க இஷ்டம், அதுக்கு பதிலா டிசம்பர் 31 நான் நிக்கிறேன்னு அவர் சொல்லட்டும். இப்படி கேட்டவங்களுக்கு நான் ரோஸ்டர் போட்ட காலத்துல இல்லன்னு சொன்னதில்ல, மொட்டையா தீபாவளிக்கு லீவ் வேணும்னு வந்து நின்னவங்களுக்கு தான் குடுக்க முடியல. பிரேக் ஷிஃப்ட் மாத்தி ஸ்ட்ரெயிட் ஷிஃப்ட் வேணும்னா பேக்கரி, கார்ட் மான்ஜே (சாலட் மாதிரி அடுப்பில்லாத ஐட்டம் பண்ற எடம்) மாதிரி செக்ஷனுக்கு மாத்த கேக்கலாம், பேக்கரி விடியக்காலை வேலை, ஆனா சாயங்காலம் வீட்ல இருப்பார்.

இன்னொண்ணு, அவரோட வீக்லி ஆஃப் என்னைக்கோ அன்னைக்கு தீபாவளி வைங்க. நாங்க அல்சூர்ல ஹோட்டல் வேலை குடும்பம் மூணு வீடு சேந்து அப்படித் தான் பண்ணோம், தீபாவளி முடிஞ்சு வர்ற செவ்வாய்க்கிழமை விடியக்காலைல எண்ணெய் தேச்சு, புதுத்துணி போட்டு, எடுத்து வச்ச பட்டாசை தெருவுல வெடிச்சோம். மொத வருஷம் எதுத்த வீட்டு கன்னடக்காரம்மா வெளில வந்து ஏன் இன்னைக்குன்னு கேட்டாங்க, சொன்னோம். அடுத்த வருஷத்துல இருந்து அவங்களே ஒரு டப்பா ஹோளிகே, நம்ம போளி தான், செஞ்சு அந்த செவ்வாய்க்கிழமை காலைல கொண்டு வந்து குடுப்பாங்க.